அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்க்கலாமா?

சகோதரிகளே, கடுகு, சீரகம், வெந்தயம் போட்ட அஞ்சறைப் பெட்டியை வேறு அலமாரிக்கு மாற்றணும் என்றால் என்ன செய்வோம்? பெட்டியோடு தூக்கி வைப்போம். எல்லாவற்றையும் முறத்தில் கொட்டி எடுத்துப் போகிறவள் உண்டா? நான் போனேன்! சமையலறையில் அல்ல, கம்ப்யூட்டரில்.

எங்கள் பழைய லேப்டாப் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அதிலிருந்த போட்டோக்களைப் புது ஹார்ட் டிஸ்குக்கு மாற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். 2009-ல் மகளுக்கும், 2011-ல் மகனுக்கும் திருச்சுழிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். இரண்டும் தனித்தனி போல்டர். நானோ ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருந்த படங்களை மட்டும் காப்பி செய்து ஒரே இடத்தில் கொட்டினேன். இரண்டாவதைக் கொட்டும்போது கம்ப்யூட்டர் என்னவோ கேட்டது. "ரீப்ளேஸ்" என்பதை அமுக்கிவிட்டேன்.

ராத்திரி மகள் பார்த்துவிட்டு, "அம்மா, மாமா மடியில நான் அழுற படத்தைக் காணோமே!" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மாமா என் தம்பி. இன்று அவன் இல்லை.

நடந்தது இதுதான். கேமரா படத்துக்கு 0001, 0002 என்று எண்தான் போடும். புதுக் கேமரா வாங்கினால் மறுபடி 0001. தனித்தனி போல்டரில் இருந்தவரை தகராறில்லை. ஒரே இடத்துக்கு வந்ததும், அதே எண்ணுள்ள மகன் படம் வந்து மகள் படத்தை அழித்துவிட்டது.

நல்ல காலம், நான் "கட்" செய்யவில்லை, "காப்பி"தான் செய்தேன். லேப்டாப்பில் மூலப் படங்கள் அப்படியே இருந்தன. மறுநாள் அதைக் கடையில் கொடுத்துவிடுவதாக இருந்தோம்!

அன்று கற்றுக்கொண்டவை:

1. போல்டரைத் திறக்காமல், போல்டரையே காப்பி செய்து புது இடத்தில் பேஸ்ட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் சின்ன போல்டர்களும் வரிசை கலையாமல் வந்துவிடும்.

2. விண்டோஸில் மௌஸால் இழுத்துப் போட்டால், வேறு டிரைவுக்கு நகல் போகும். ஒரே டிரைவுக்குள் என்றால் சாமானே இடம் மாறிவிடும். கவனம்!

3. "ரீப்ளேஸ்", "ஸ்கிப்" என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றாக முடிவு செய்யும் வழியில் போய் இரண்டையும் டிக் செய்தால், ஒன்றின் பெயரோடு எண் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

4. புது அடுக்கு வேண்டுமா? முதலில் உள்ளபடியே காப்பி செய்யுங்கள். பிறகு புது இடத்தில் மாற்றி அடுக்குங்கள். "2011 காதுகுத்து" என்று வருஷத்தை முன்னால் போட்டால் தானாகவே வரிசையாக நிற்கும். குழந்தையின் தடுப்பூசி அட்டை, மாமியாரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இவற்றுக்கும் ஆளுக்கொரு போல்டர், அதற்குள் வருஷம் என்று வையுங்கள். டாக்டர் கேட்டால் நொடியில் எடுக்கலாம்.

5. பழைய போல்டர், புது போல்டர் இரண்டிலும் வலது பக்க பட்டனை அமுக்கி "ப்ராபர்ட்டீஸ்" பாருங்கள். பைல், போல்டர் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். அதன் பிறகே பழையதை அழிப்பது.

6. ஹார்ட் டிஸ்கும் ஒருநாள் கெடும். இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும். எங்கள் கரிசல்காட்டில் விதைச் சோளத்தை ஒரே பானையில் வைத்துவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

தம்பி மடியில் மகள் அழுகிற படத்தைப் புது ஹார்ட் டிஸ்கில் திறந்து பார்த்த பிறகுதான் லேப்டாப்பைக் கொடுக்கச் சம்மதித்தேன்.