மரபணுவை வாசித்தால் மட்டும் போதாது

பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத்தொகையை முழுமையாக வாசித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால், வாசிப்பது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. ஒரு மரபணுவில் ஓரெழுத்து மாறியிருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். அந்த மாற்றத்தால் நோய் வருமா, வராதா என்பதை ஆய்வகத்தில் செல்களை வளர்த்து, அந்த மரபணு உண்டாக்கும் புரதம் தன் வேலையைச் செய்கிறதா என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். இந்தியாவில் மிகக் குறைவாக நடப்பது இந்த இரண்டாவது வேலைதான். அதைச் செய்யத் தகுந்த நிறுவனங்கள் திருப்பதி, சித்தூர், வேலூர் வட்டாரத்தில் அருகருகே இருக்கின்றன. அவை கைகோக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு மரபணுவின் கதை போதும்.

ஃபேன்கோனி ரத்தசோகை என்றொரு நோய் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கைடோ ஃபேன்கோனி 1927-இல் ஒரே குடும்பத்தின் மூன்று சகோதரர்களிடம் கண்டு எழுதியது. குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராது. சில குழந்தைகளுக்குக் கட்டைவிரல் சிறுத்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தோலில் பழுப்புத் திட்டுகள் தெரியும். பள்ளி செல்லும் வயதில் எலும்பு மஜ்ஜை வற்றத் தொடங்கும். 'பிள்ளைக்கு ரத்தமே ஊறவில்லை' என்று பெற்றோர் அலைவார்கள். இரும்புச்சத்து டானிக்கில் தொடங்கி ரத்தம் ஏற்றுவதில் போய் நிற்கும். வளர்ந்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோயும் வாய், தொண்டைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

இத்தனைக்கும் காரணம் செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் சில வேதிப்பொருள்களால் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதுண்டு. நம் உடலே உண்டாக்கும் ஃபார்மால்டிஹைடு அத்தகைய பொருள்களில் ஒன்று. பிணைந்த இழைகளைப் பிரிக்காமல் செல்லால் டிஎன்ஏவை நகலெடுக்க முடியாது. அந்தப் பிணைப்பை நீக்குவதற்கென்று உட்கருவில் புரதக் கூட்டம் ஒன்று வேலை செய்கிறது. அதற்குரிய மரபணுக்கள் இருபதுக்கும் மேல். மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 மரபணுக்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

அவற்றில் ஒன்று 2-ஆம் குரோமோசோமில் உள்ளது. மரபணுப் பட்டியலில் 'பிஹெச்எஃப்-9' என்ற பெயரில் வேலை இன்னதென்று தெரியாமல் கிடந்தது. மனித மரபணுத்தொகை வாசிக்கப்பட்டுவிட்டதாக உலகம் கொண்டாடிய அதே 2003-இல்தான் அதன் வேலை புலப்பட்டது. கண்டுபிடித்த குழுவின் ஆய்வுக் கட்டுரைக்கு முதல் ஆசிரியர் அமோம் ருஹிகாந்தா மெய்தெய். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.எஸ். ராவுடன் உட்கருப் புரதங்களை ஆராய்ந்துவிட்டு அமெரிக்கா சென்றவர். ஃபேன்கோனி புரதக் கூட்டத்தை அப்படியே செல்லிலிருந்து பிரித்தெடுத்து, அதிலுள்ள புரதங்களை அடையாளம் கண்டது அந்தக் குழு. உபிகுயிட்டின் என்ற சிறு புரதத்தை 'ஃபேன்க்-டி2' என்ற இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவது இந்த மரபணுப் புரதத்தின் வேலை என்று தெரிந்தது. அந்த ஒட்டு விழுந்தால்தான் பழுதுநீக்கம் தொடங்கும். நோயாளி ஒருவரின் செல்லில் இதே மரபணு கெட்டிருந்ததையும் காட்டினார்கள். மரபணுவுக்கு 'ஃபேன்க்-எல்' என்று புதுப்பெயர் வந்தது.

அதன் பிறகு பல ஆண்டுகள் இது மிக அரிதான வகையாகவே கருதப்பட்டது. உலக அளவில் அப்போது பதிவாகியிருந்த ஃபேன்க்-எல் நோயாளிகள் ஒன்பதே பேர். அந்த எண்ணத்தை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மாற்றியது. மும்பை தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பாபு ராவ் வுண்டின்டியும் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது அது. பதின்மூன்று நோயாளிகளிடம் ஒரே மாற்றத்தை அவர்கள் கண்டார்கள். பன்னிரண்டு பேர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர். மரபணுவின் 1092-ஆம் எழுத்து 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ'. பாடப்புத்தகப்படி இது ஒன்றுமில்லாத மாற்றம். முன்பிருந்த மூன்றெழுத்தும் லைசின் என்ற அமினோ அமிலத்தையே குறிக்கும், மாறிய மூன்றெழுத்தும் அதையே குறிக்கும். புரதத்தில் எந்த வேறுபாடும் வரக் கூடாது. கணிப்பு மென்பொருளை மட்டும் நம்பியிருந்தால் 'தீங்கற்றது' என்று ஒதுக்கியிருப்பார்கள்.

நோயாளிகளின் ஆர்என்ஏவைப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அந்த ஓரெழுத்து மாறியதால், ஆர்என்ஏவை வெட்டி இணைக்கும் இடத்தில் செல் தடுமாறி, 72 எழுத்துகள் கொண்ட துண்டை முழுவதுமாகவே விட்டுவிடுகிறது. புரதத்தில் 24 அமினோ அமிலங்கள் காணாமல் போகின்றன. அவையும் உபிகுயிட்டினை ஒட்டும் வேலைக்கு இன்றியமையாத பகுதியில் உள்ளவை. இந்த மாற்றம் முன்னொரு காலத்து மூதாதை ஒருவரிடமிருந்து வழிவழியாக வந்திருக்க வேண்டும் என்பதற்கும் அந்த ஆய்வில் சான்று உண்டு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஃபேன்கோனி ஐயமுள்ள எல்லோருக்கும் இதைச் சோதிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். எழுத்தை மட்டும் வாசித்திருந்தால் இந்த முடிவுக்கு யாரும் வந்திருக்க முடியாது.

நோயின் காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கப்படும் மருந்துகளில் சில டிஎன்ஏவைப் பிணைப்பவை. மற்ற நோயாளிகள் தாங்கும் அளவை ஃபேன்கோனி குழந்தையின் உடல் தாங்காது. அளவைக் குறைத்துத் தந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மஜ்ஜை தரவிருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அதே நோய் வெளியில் தெரியாமல் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

இதில் நம் வட்டாரத்துக்கு என்ன தனிக் கவலை? மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கம் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் இன்னும் வலுவாக இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, இரு மாநிலங்களிலும் மணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் உறவுக்குள் மணந்தவர்கள். உறவுக்குள் மணந்த கணவனும் மனைவியும் ஒரே மரபணுப் பழுதைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம். அப்படிச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய். 'நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லையே' என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் கே. தங்கராஜும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரைக்கும் பங்கேற்று 2017-இல் வெளிவந்த ஆய்வு தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் 81 குழுக்களில் சில மூதாதையரின் மரபணுக்களே திரும்பத் திரும்பப் பரவியிருப்பது தெரிந்தது. பல நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணந்ததன் விளைவு இது. 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். நகரி, சத்யவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்றும் சம்பந்தம் எல்லை தாண்டித்தான். மரபணுவுக்கு மாநில எல்லை தெரியாது.

இப்போது நிறுவனங்களைப் பாருங்கள். திருப்பதியில் 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-இல் வந்த இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் (ஐசர்) ஆகிய மூன்றிலும் உயிரியல் ஆய்வு நடக்கிறது. நோயாளிகள் அங்குள்ள ரூயா, ஸ்விம்ஸ் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் வேலூர் சிஎம்சி. 1986-இலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவமனை அது. சித்தூரிலும் அதற்கொரு வளாகம் உண்டு. நோயாளியும் ஆய்வகமும் சிகிச்சையும் ஒரே நெடுஞ்சாலையில் இருக்கின்றன. ஆனால், சந்தேகத்துக்குரிய ஒரு மாற்றம் கண்ணில்பட்டால், 'இதன் ஆர்என்ஏவைச் சோதித்து ஒரு மாதத்தில் சொல்லுங்கள்' என்று மருத்துவர் கேட்கவும், ஆய்வகம் பொறுப்பேற்றுப் பதில் சொல்லவும் நிலையான ஏற்பாடு வேண்டும். தனிப்பட்ட பழக்கத்தில் நடக்கும் உதவி நோயாளிக்கு உரிமை ஆகாது.

2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, ஃபேன்கோனி ரத்தசோகையை மஜ்ஜை மாற்றால் குணப்படுத்தத்தக்க முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. நிதியுதவிக்கும் வழி உண்டு. ஆனால், முதலில் அறிவிக்கப்பட்ட எட்டு உயர்சிறப்பு மையங்களில் தென்னிந்தியாவுக்குக் கிடைத்தவை ஹைதராபாத்தும் பெங்களூரும் மட்டுமே.

எனவே மூன்று செயல்கள் தேவை. முதலாவது, திருப்பதியின் ஆய்வு நிறுவனங்களும் ரூயா, ஸ்விம்ஸ், சிஎம்சி மருத்துவமனைகளும் மாநில எல்லை பாராமல் மாதிரிகளையும் முடிவுகளையும் பகிர்ந்துகொள்ள எழுத்துபூர்வமான ஒப்பந்தம். இரண்டாவது, காரணம் தெரியாமல் மஜ்ஜை வற்றும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஃபேன்கோனியைக் கண்டறியும் குரோமோசோம் முறிவுச் சோதனையும், ஃபேன்க்-எல் மாற்றத்துக்கான சோதனையும் அரசுச் செலவில். மூன்றாவது, தெலுங்கிலும் தமிழிலும் பேசத் தெரிந்த மரபணு ஆலோசகர்கள். நோயுள்ள குழந்தையின் சித்தி, மாமா வீடுகளில் திருமணப் பேச்சு தொடங்கும் முன்பே அவர்கள் அந்தக் குடும்பத்தைச் சந்திக்க வேண்டும். எந்தச் சாதியின் பெயரும் வெளியில் இழுக்கப்படாமல், ரகசியம் காத்து இதைச் செய்ய முடியும்.

ஜீனோம் இந்தியா தரவு பெருகப் பெருக, பொருள் தெரியாத எழுத்து மாற்றங்களின் பட்டியலும் நீளும். அவற்றுக்குப் பொருள் சொல்லும் ஆய்வகங்களுக்குப் பணம் ஒதுக்காத அரசு, பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. மீதிப் பாதியை ஆந்திர, தமிழக அரசுகள் சேர்ந்து திருப்பதியில் தொடங்கட்டும்.

கட்டுரையாளர்: மரபியல் பேராசிரியர்.