வெட்டுத்தலையைத் திருப்புவது யார்?

மூக்குக்கண்ணாடி அணியாத மாணவரை இன்று பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடியின் வளைவை யார் வெட்டுகிறார்கள், எதைக் கொண்டு வெட்டுகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குக் ‘கடையில்’ என்பதற்கு மேல் பதில் இல்லை. கடையில் நடப்பது பெரும்பாலும் லென்சின் ஓரத்தைச் சட்டத்தின் அளவுக்குச் சீவும் வேலைதான். எளிய பவர் என்றால் லென்ஸ் வார்ப்பிலேயே முழுமையாகி வந்துவிடும். சற்றுச் சிக்கலான பவர் என்றால், முன்பக்கம் மட்டும் முடிந்த தடித்த வில்லை ஒன்றை எடுத்து, அதன் பின்பக்க வளைவை ஒரு கூடத்தில் இயந்திரம் வைத்து வெட்டுகிறார்கள். பார்வையைத் திருத்துவது அந்த வளைவு.

என் துறை உற்பத்திப் பொறியியல். தொழிற்பயிற்சிக்காகச் சில வாரங்கள் அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் இருந்தேன். அங்கே இரண்டு தலைமுறை இயந்திரங்கள் பக்கம் பக்கமாக நின்றன. புதியதில் எல்லாமே கணினி. ஒற்றை வைர முனை லென்சின்மேல் ஓடி, எந்த வடிவம் கேட்டாலும் செதுக்கித் தந்துவிடும். என்னை நிறுத்திப் பார்க்கச் செய்தது பழையதுதான். அதில் வைரத்தூள் பதித்த, கிண்ணம் போன்ற ஒரு சக்கரம் சுழலும். அந்தச் சக்கரத்தைத் தாங்கும் வெட்டுத்தலையை எந்தக் கோணத்துக்கும் சாய்த்து இறுக்கலாம். சாய்வை மாற்றினால் வளைவு மாறும். ஒரே சக்கரம், ஆனால் அது வெட்டித் தரும் வளைவுகளோ எத்தனையோ!

இது எப்படி முடிகிறது? தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், பால் மங்கு ஒன்றைக் கவிழ்த்து ஒரு பந்தின்மேல் வையுங்கள். மங்கின் விளிம்பு முழுவதும் பந்தைத் தொடும். பந்தின்மேல் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் தொட்டுக்கொண்டே இருக்கும். இப்போது விளிம்பின் ஒரு புள்ளி பந்தின் உச்சியில் படும்படி நகர்த்துங்கள். மங்கு சாய்ந்துவிடும். பந்து சிறியதாக இருந்தால் சாய்வு அதிகம். பெரியதாக இருந்தால் சாய்வு குறைவு. இதையே தலைகீழாக யோசித்தால் இயந்திரம் பிடிபடும். சாய்வை நாம் தீர்மானித்தால், எவ்வளவு பெரிய பந்தின் மேற்பரப்பு வெட்டப்படும் என்பதையும் நாமே தீர்மானிக்கிறோம். உட்பக்கமாகக் குழிந்த வளைவுக்கும் இதே கணக்குத்தான்.

கணக்காகச் சொன்னால், சக்கரத்தின் விட்டத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பின் இரு மடங்கால் வகுத்தால் வளைவின் ஆரம் கிடைக்கும். (சக்கர விளிம்பின் தடிப்புக்கான சிறு திருத்தத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.) 80 மில்லிமீட்டர் சக்கரத்தை 30 டிகிரிக்குச் சாய்த்தால் ஆரமும் 80 மில்லிமீட்டர். 9 டிகிரிக்குக் குறைத்தால் ஆரம் ஏறத்தாழ 256 மில்லிமீட்டர். பார்வைக்குக் கிட்டத்தட்டத் தட்டை. 30 டிகிரி என்பது 29 ஆகிவிட்டால் என்ன ஆகும்? ஒளிவிலகல் எண் 1.498 உடைய சாதாரணப் பிளாஸ்டிக் லென்சில் அந்தப் பரப்பின் பவர் ஏறக்குறைய 0.19 டயாப்டர் மாறும். கண்ணாடிச் சீட்டில் பவரை 0.25, 0.50 என்றுதான் எழுதுகிறார்கள். ஆக, ஒரு டிகிரி தவறு ஒரு படியில் முக்கால் பங்கை விழுங்கிவிடுகிறது. வெட்டுத்தலையைத் திருப்பி இறுக்கும் கை அவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்.

இந்த 30 டிகிரி எனக்குப் புதிய எண் அல்ல. நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம் எங்களுடையது. ஒட்டுக் கட்டிய ரப்பர் மரத்தில் வெட்டு, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஏறத்தாழ 30 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்கள் சற்றே மறுபக்கம் சாய்ந்து ஓடுவதால், இந்தச் சரிவில் வெட்டினால் அதிக நாளங்கள் அறுபடும். புது மரம் வெட்டத் தொடங்கும்போது தகரத்தில் செய்த அச்சை மரத்தில் சுற்றிக் கோடு கிழிப்பார்கள். பிறகு ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட பட்டைதான் போக வேண்டும். ஆழமோ இன்னும் கடினம். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே இருக்கும் உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அடுத்த சுற்றில் அங்கே உளி ஓடாது.

இத்தனையையும் விடியுமுன், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தவர்களைத்தான் நாம் பள்ளிக்கூடம் போகாதவர்கள், தொழில்நுட்பம் தெரியாதவர்கள் என்கிறோம். என் பார்வையில் அவர்கள் கோணத்தையும் ஆழத்தையும் கையாலேயே அளந்த நுண்பொறியாளர்கள்.

ஆனால் கண் ஒத்துழைக்க வேண்டுமே! நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் கிட்டப் பொருள் மங்கும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போவதால் வருவது அது, நோயன்று, வயது. என் பாட்டி ஐம்பது வயதுக்குப் பிறகும் பால் வெட்டினார். “வெட்டு தெரியலைன்னா என்ன பாட்டி செய்வீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “உளி சொல்லும் கண்ணு” என்றார். பட்டையின் ஓசையும் கைக்குத் தட்டுப்படும் இறுக்கமும்தான் அவருக்கு வழிகாட்டின. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காயம் அதிகம் என்று மண்டோர் கணக்கெழுதிய நாள்களும் இருந்தன என்பதை அவரே பின்னொரு நாள் சொன்னார். பாசார் மாலாமில் வாங்கிய ஒரு கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமை அரிசி பொறுக்கத்தான் வைத்திருந்தார். அதை மரத்தடிக்குக் கொண்டுபோகலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவரிடம் வேலை வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை. உளி கொடுத்தார்கள், வாளி கொடுத்தார்கள். கண்ணாடியையும் ஒரு கருவியாக யாரும் எண்ணவில்லை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. 2018ஆம் ஆண்டு ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்விதழில் அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 கொழுந்து பறிப்பவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடியது. அந்தக் கண்ணாடிக்கான செலவு ஆளுக்குப் பத்து அமெரிக்க டாலரை ஒட்டியது. கொழுந்து பறிப்பதற்கே இவ்வளவு என்றால், ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டும் வேலைக்கு எவ்வளவு இருந்திருக்கும்? இன்று நம் தோட்டங்களில் பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் வேலை செய்கிறார்கள். பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் எஞ்சியிருக்கும் நம் முதியவர்களின் கண்கள் அப்படியேதான் இருக்கின்றன.

ரப்பர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு ரிட்லி என்ற பெயர் தெரிந்திருக்கும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தவர். நம் முன்னோர் கப்பலேறி வந்ததற்கு அவரது ரப்பர் மோகமும் ஒரு காரணம் எனலாம். கண் மருத்துவ வரலாற்றில் இன்னொரு ரிட்லி இருக்கிறார். போர் விமானியின் கண்ணுக்குள் புகுந்த அக்ரிலிக் சில்லைக் கண் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதைக் கவனித்து, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்சைப் பொருத்திய ஹெரால்ட் ரிட்லி. பெயர்ப் பொருத்தத்தை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். ஒருவர் நம்மவர் கையில் உளியைக் கொடுத்தார். மற்றவர் கொடுத்த லென்சோ ஏழைகளின் கண்ணுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அதை வரவழைத்தவர்கள் மதுரைக்காரர்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். கண்புரை எடுத்தபின் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒன்றின் விலை நூறு அமெரிக்க டாலருக்கு மேல். நன்கொடையாக வந்தவற்றை வைத்து எத்தனை பேருக்குப் பொருத்த முடியும்? 1992இல் மதுரையிலேயே ‘ஆரோலேப்’ என்ற தொழிற்கூடத்தை அமைத்தார்கள். அக்ரிலிக் வட்டை, வைர முனை, கணினி இயக்கும் கடைசல் இயந்திரம். ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள லென்சைக் கடைந்து, பத்து டாலர் அளவுக்கு விலையை இறக்கினார்கள். பின்னர் அது இன்னும் குறைந்தது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இயந்திரங்களின் முன் இருப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்து இளம்பெண்கள். ‘தமிழன் சாதித்தான்’ என்று நாம் இங்கிருந்து கைதட்டிக்கொள்வது எளிது. அது அவர்கள் உழைப்பு. நாம் கேட்க வேண்டியது, கிராமத்துப் பெண்ணை நம்பி வைர முனையை ஒப்படைத்த அந்தத் துணிவு இங்கே ஏன் வரவில்லை என்பதைத்தான்.

நான் பயிற்சி பெற்ற கூடத்தில் பழைய இயந்திரத்தின் கோணத்தை அமைத்தவர் ஒரு முதிய சீனர். எல்லாரும் அவரைச் ‘சிஃபு’ என்றே அழைத்தார்கள். பொறியாளர்கள்கூட அவரிடம் கேட்டுத்தான் செய்வார்கள். நம்மவர்களும் அங்கே இருந்தார்கள்: பொட்டலம் கட்டும் பகுதியில் இரண்டு அக்காமார், பொருள் கொண்டுபோகும் வேனில் ஓர் அண்ணன். செனவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் என் உறவினர்களை எண்ணிப் பார்த்தாலும் இதே கதைதான். தோட்டத்தை விட்டு வெளியேறி ஆலைக்கு வந்த தலைமுறை, இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் இடத்தில் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்துகிறவரை நாளைக்கே மாற்றலாம். அந்த வேலையை இயந்திரமே செய்துகொள்ளும் காலமும் வந்துவிட்டது. கோணத்தை அமைக்கத் தெரிந்தவரை அப்படி மாற்ற முடியாது.

“படித்துப் பட்டம் வாங்கத்தானே தோட்டத்தை விட்டு வந்தோம், மறுபடியும் கையில் எண்ணெய்க் கறையா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் பட்ட பாடு அப்படிக் கேட்க வைக்கிறது; குறை சொல்லமாட்டேன். ஆனால் நம் வீடுகளில் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்ற மூன்று நாற்காலிகள்தான் போடப்பட்டிருக்கின்றன. அவற்றில் இடம் கிடைக்காத பையன் ஐந்தாம் படிவம் முடித்ததும் லாரி உதவியாளராகவோ பாதுகாவலராகவோ போகிறான். இடையிலும் நாற்காலி உண்டு என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. பாங்கியில் 1991இல் நிறுவப்பட்ட ஜெர்மன்-மலேசியக் கழகம் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே போர்ட்டிக்சன் பாலிடெக்னிக் இருக்கிறது. நம் சங்கங்கள் ஏற்பாடு செய்யும் கல்விக் கருத்தரங்குகளில் இவற்றின் பெயரை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ‘ஏ’ என்று கேட்டு மாலை போடுகிறோம். மாலை கிடைக்காதவன் மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் ‘கோணம்’ என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது ‘சூடுட்’ ஆயிற்று, பல்கலைக்கழகத்தில் ‘ஆங்கிள்’. மூன்று மொழியிலும் தேர்வு எழுதினேன், மூன்றிலும் கோணமானியைக் காகிதத்தின்மேல்தான் வைத்தேன். பாட்டி மரத்தில் இறக்கிய வெட்டும் இதே கோணம்தான் என்று எந்த வகுப்பிலும் காதில் விழவில்லை. தமிழில் அறிவியல் வளர வேண்டும் என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். கலைச்சொல் பட்டியல் தயாரித்தால் மட்டும் அது வளர்ந்துவிடாது. உளி, நிரை, மங்கு, காயம், கோட்டுப்பால் என்று தோட்டத்தில் வழங்கிய சொற்கள் எல்லாம் ஒரு தொழில்நுட்பத்தின் கலைச்சொற்கள். அவற்றை அறிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

நம் பேரவை ஆண்டுதோறும் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு முகாம் போகிறது. வழக்கமான தன்முனைப்பு உரையை இந்த முறை அரைமணி நேரம் குறைத்துக்கொள்ளலாமே? அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு மங்கையும் பந்தையும் கொடுப்போம். அவர்களோடு வரும் தாத்தா பாட்டிகளுக்குக் கண் பரிசோதனை அட்டையைச் சுவரில் மாட்டுவோம். கண்ணியல் படிக்கும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சங்க நிதியில் ஒருவேளை உணவுச் செலவை மிச்சப்படுத்தினாலே சில டஜன் கிட்டப் பார்வைக் கண்ணாடிகள் வாங்கலாம். பட்டியலை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். பந்துகள் பெரிதும் சிறிதுமாக மூன்று அளவில் வேண்டும். மங்கு, பழைய ஸ்டோரில் இன்னும் கிடக்கிறதாம்.