‘டைரக்ட் ஃபிட்’னு போட்டிருந்துச்சே!

இன்டர்நெட்டில் ஆர்டர் பண்ணின டி-ஷர்ட் டைட்டா வந்தா என்ன பண்ணுவோம்? தம்பி தலையில கட்டிடுவோம். கடல் கடந்து, கஸ்டம்ஸ் டியூட்டி கட்டி, ஆளுயர அட்டைப்பெட்டியில வந்து இறங்கின எக்ஸாஸ்ட் செட் வண்டியில உட்காரலைன்னா? அதை எந்தத் தம்பி தலையில கட்டுறது பாஸ்?

காரை ‘மாடிஃபை’ பண்ணணும்னு ஆசை வந்தவங்க பெரும்பாலும் முதல்ல கை வைக்கிற இடம் எக்ஸாஸ்ட்தான். இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். நாலு போல்ட்டு, ரெண்டு கிளாம்ப்பு, அப்புறம் ஒரே ‘வ்ர்ரூம்’! பெட்டி மேலயும் ‘டைரக்ட் ஃபிட்’, ‘போல்ட் ஆன்’னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அந்த வார்த்தையை நம்பி நொந்து போனவங்க ஒரு பட்டாலியனே இருக்காங்க. இந்த வாரம் நம்ம பக்கம் அவங்களுக்காக!

கோயமுத்தூர்ல நான் இன்-பிளான்ட் ட்ரெயினிங் போற பட்டறைக்கு ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வந்துச்சு. 2017-ல இந்தியாவுல இறங்கின ஆர்.எஸ். 230. ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், பேர்லயே இருக்கற மாதிரி 230 குதிரை சக்தி. ஓனர் ஒரு சாஃப்ட்வேர் பார்ட்டி. அவர் கொண்டுவந்த பெட்டியில இருந்தது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. ஏழாம் தலைமுறைக்கான ‘கேட்-பேக்’ செட். அதாவது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடாம, அதுக்குப் பின்னாடி இருந்து பம்பர் வரைக்கும் இருக்கற மொத்தக் குழாயும் சைலன்சரும்.

“ரெண்டு காரும் ஒரே இன்ஜின், ஒரே பிளாட்ஃபார்ம். அப்புறம் என்ன, மாட்டிடலாம்ல?”னு கேட்டார்.

கேள்வியில பாதி சரி. ரெண்டுலயும் இருக்கறது ஈ.ஏ.888-ங்கற இன்ஜின் குடும்பம். ரெண்டும் எம்.க்யூ.பி. பிளாட்ஃபார்ம்தான். அப்புறம் எங்கே இடிக்குது?

பட்டறை அண்ணன் ஒண்ணும் பேசலை. பம்ப் கம்பெனியில லேத் ஓட்டிட்டு அப்புறம் கார் பக்கம் வந்தவர் அவர். “தம்பி, டேப்பு எடுத்துட்டு வாங்க”ன்னார். அவ்வளவுதான்.

அளந்தா விஷயம் வெளிய வருது. ஆக்டேவியாவோட வீல்பேஸ் கோல்ஃபைவிட சுமார் 5 சென்டிமீட்டர் அதிகம். மொத்த நீளமோ சுமார் 40 சென்டிமீட்டர் அதிகம். டிக்கி பெருசுல்ல! எம்.க்யூ.பி.னு ஒரே பேரைச் சொன்னாலும், அதுல எல்லாக் காருக்கும் பொதுவா மாறாம இருக்கறது முன் சக்கர அச்சுல இருந்து பெடல் வரைக்குமான தூரம்தான். அதுக்குப் பின்னாடி இருக்கறதைக் காருக்குத் தகுந்த மாதிரி நீட்டலாம், குறைக்கலாம். டிசைன் பண்ணினவங்களோட சாமர்த்தியமே அதுதான். கேட்-பேக் குழாய் ஓடுறதோ முழுக்க முழுக்க அந்த நீட்டிக் குறைக்கிற பகுதியில! இன்ஜின் ஒண்ணுன்னா டர்போ பக்கம் பொருந்தலாம். பின் சைலன்சர் பம்பர்கிட்டகூடப் போகாது.

ஓனருக்கு மனசு கேட்கலை. “பழசை வெட்டி எடுத்துட்டு ஒருதரம் வச்சுத்தான் பார்ப்போமே”ன்னார். ஃபோக்ஸ்வேகன் குரூப் கார்கள்ல பெரும்பாலும் கம்பெனிக் குழாய் நீளமா ஒரே துண்டா வரும். சர்வீஸ்ல வெட்டி மாத்துறதுக்குன்னே குழாய் மேல சின்னக் குழிகள் குத்தி அடையாளம் வச்சிருப்பாங்க. அங்கே வெட்டலாம், தப்பில்லை. வெட்டினதை மறுபடி ஸ்லீவ் கிளாம்ப் போட்டு இணைக்கவும் முடியும். ஆனா புதுசு உட்காரும்னு தெரியாம பழசு மேல பிளேடு வைக்கறது, வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி பேப்பர் போடற மாதிரி.

“வெட்டிட்டா வண்டி ராம்ப்பை விட்டு இறங்காதுங்க சார். அப்புறம் இங்கயேதான் நிக்கோணும்”னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு, அண்ணன் பிளேடைத் தொடவே இல்லை. ஒரு வேலையை வேண்டாம்னு சொல்ற மெக்கானிக்கை நான் முதல்முதலா பார்த்தது அன்னிக்குத்தான். கூலி போச்சேன்னு ஒரு சின்ன வருத்தம்கூட முகத்துல இல்லை.

“இந்தியாவுலயே 2025-ல கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்துச்சேங்ண்ணா. அதை வாங்கின யாருக்காவது இந்த செட்டை வித்துடலாம்ல?”னு நான் ஐடியா கொடுத்தேன். “அது எட்டாம் தலைமுறைங்க தம்பி. அதையும் அளந்துட்டுத்தான் பேசோணும்”னார். ஙே!

சரி, இது வேற காரோட பாகம். நம்ம காருக்கே ஆன பாகத்தை வாங்கினா கண்ணை மூடிட்டு மாட்டிடலாமா? அதுதான் இல்லை. சுவாரஸ்யமே இங்கேதான் ஆரம்பிக்குது.

மெஷின் டிராயிங் கிளாஸ்ல ‘டாலரன்ஸ்’, ‘ஃபிட்’னு மனப்பாடம் பண்ணி எழுதினோமே, ஞாபகம் இருக்கா? எந்தப் பாகத்தையும் துல்லியமா சொன்ன அளவுல செய்ய முடியாது, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஒவ்வொண்ணும் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா, எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும்? ஒரு சின்னக் கணக்கு. பைப்போட முன்பக்க ஃபிளேன்ஜ் வெறும் 1 டிகிரி கோணலா வெல்ட் ஆகியிருக்குன்னு வச்சுக்கங்க. அங்கிருந்து 2 மீட்டர் தள்ளி, பின் பம்பர்கிட்ட அது எவ்வளவு விலகி நிக்கும்? டான் 1 டிகிரி 0.0175. ரெண்டாயிரம் மில்லிமீட்டரால பெருக்குங்க. 35 மில்லிமீட்டர்! வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு டிகிரி, பம்பர்கிட்ட ரெண்டு விரல் அகலமா நிக்குது.

வெல்ட் பண்ணும்போது சூட்டுல ஃபிளேன்ஜ் இழுத்துக்கறது சகஜம். நல்ல கம்பெனிகள் ஜிக்குல இறுக்கிப் பிடிச்சு வெல்ட் பண்ணுவாங்க. மலிவு சரக்குல அந்த ஜிக்கே தேய்ஞ்சிருக்கலாம். அந்த ஜிக்கை எந்தக் காரை வச்சு செஞ்சாங்கங்கறது அடுத்த கேள்வி. இடது கை டிரைவ் காரை வச்சு அளவெடுத்த டர்போ பக்கத்துக் குழாய், நம்ம ஊர் வலது கை டிரைவ் கார்ல நேரா ஸ்டீயரிங் ராடுகிட்ட போய் நிக்கலாம். நாலு சக்கரத்துக்கும் சக்தி போற மாடலா இருந்தா அடியில ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வேற குறுக்கே ஓடும். ஒரே பேர், ஒரே வருஷம், ஆனா அடிவயிறு வேற.

பாகத்தை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. நம்ம வண்டி என்ன நேத்து ஃபேக்டரியில இருந்தா வந்துச்சு? இன்ஜின் மவுன்ட் ரப்பர் அமுங்கியிருந்தா இன்ஜினே கொஞ்சம் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கும். அந்தச் சாய்வு குழாய் முழுக்கப் போகும். சைலன்சரைத் தூக்கிப் பிடிக்கிற ஹேங்கர் ரப்பர் தொங்கிப் போயிருக்கும். பின்னாடி எப்பவோ இடி வாங்கி டிங்கரிங் பண்ணின வண்டின்னா கேட்கவே வேண்டாம்.

இதுல பசங்க பண்ற வேலைதான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு ஃபிளேன்ஜும் நேருக்கு நேர் உட்காரலையா, ‘போல்ட்டைப் போட்டு இழுடா மச்சி, தானா வரும்’. வரும்தான்! மாட்டின அன்னிக்கு எல்லாம் அழகா இருக்கும். ஆனா அந்தக் குழாய் இப்போ இழுத்துக் கட்டின வில்லு. மேல சூடு, கீழ அதிர்வு. நாள்பட வெல்ட் ஓரத்துல மயிரிழை விரிசல் விழும். இன்ஜின் ஆட்டத்தைத் தாங்கறதுக்குன்னு முன்னாடி ஒரு ஃப்ளெக்ஸ் பைப், பின்னல் போட்ட குழாய், இருக்கும். அது ஏற்கெனவே ஒரு பக்கமா வளைஞ்சு நின்னா, பின்னல் கிழிஞ்சுடும். கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் இடைவெளி விடும்.

இந்த இடைவெளிதான் வில்லன். அதே பட்டறைக்கு வேற ஒரு டர்போ ஹாட்ச்பேக் வந்துச்சு. வேற எங்கேயோ எக்ஸாஸ்ட் மாத்தினது. ஊட்டி ஏறும்போது கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல். மலைப்பாதை வளைவுன்னு நினைச்சு எலுமிச்சம்பழம் மோந்துட்டே போய்ச் சேர்ந்திருக்காங்க. ராம்ப்புல ஏத்தி டார்ச் அடிச்சா, டர்போவுக்குக் கீழ இருக்கற ஃபிளேன்ஜுல ஒரு பக்கம் மட்டும் கன்னங்கரேல்னு கரிக் கோடு. புகை பீச்சின தடம்!

அந்தக் கார்ல டர்போ இருக்கறது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல. ஏ.சி.யை வெளிக்காத்து மோடுல வச்சா, கார் மூச்சு இழுக்கறது முன் கண்ணாடியோட அடிவாரத்துல இருந்து. ரெண்டுக்கும் நடுவுல பெரிய தூரம் ஒண்ணும் இல்லை. பெட்ரோல் புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல போய் அது உட்கார்ந்துக்கும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். ஓட்டுறவருக்குத் தூக்கம் வந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை.

உயிர்ப் பயம் இல்லாத சின்ன லீக்குகூட பர்ஸைக் கடிக்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா, புகை வெளிய போறதோட நிக்காது. துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காத்தையும் உள்ளே உறிஞ்சும். சென்சார் அதைப் பார்த்துட்டு ‘பெட்ரோல் பத்தலை’ன்னு ரிப்போர்ட் கொடுக்கும். ஈ.சி.யூ. பாவம், நம்பிட்டு இன்னும் ஊத்தும். மைலேஜ் காலி.

அப்போ எப்படித்தான் மாட்டுறது? அண்ணன் மாட்டுறதைப் பார்த்தா, பாதி நேரம் சும்மா நிக்கற மாதிரி இருக்கும். முதல்ல எல்லாத் துண்டையும் தொங்கவிடுறார். எல்லா நட்டும் விரலால மட்டும் ஏத்தினது, ஸ்பேனர் கிட்டயே வரலை. அப்புறம் முன்னாடி இருந்து பின்னாடி நடந்துக்கிட்டே ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் தள்ளி, அச்சு, ஷாஃப்ட், பிரேக் பைப், பம்பர் எல்லாத்துக்கும் விரல் விட்டு இடைவெளி பார்க்கறார். ஸ்லீவுக்குள்ள எவ்வளவு தூரம் குழாய் போயிருக்குன்னு சாக்பீஸ்ல கோடு. எல்லாம் பிடிச்சுப் போனப்புறம்தான் ஸ்பேனர், அதுவும் முன்னாடி இருந்து. அப்பவும் ஒரு இடத்துல இடிச்சா போல்ட்டால இழுக்கறதில்லை. குழாயை வெட்டி, கோணத்தைத் திருத்தி, ஆர்கான் வெல்டிங். பழைய யூ-போல்ட் கிளாம்ப்பு போட்டா குழாயே நசுங்கிடும், அப்புறம் அங்குலம் நகர்த்த முடியாதுன்னு அதை அவர் தொடறதே இல்லை.

பம்பர்கிட்ட மட்டும் ஒரு இடைவெளி விட்டிருந்தார். எனக்கு அழகா படலை. டிப் பம்பரோட ஒட்டி நின்னாதானே லுக்கு? கேட்டதுக்கு, “ஸ்டீல் நீளுமுங்க தம்பி”ன்னார். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1 மீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி சூடு ஏறினா சுமார் 1.7 மில்லிமீட்டர் நீளும். 2 மீட்டர் குழாய் சராசரியா 300 டிகிரி ஏறுச்சுன்னா 10 மில்லிமீட்டர், ஒரு முழு சென்டிமீட்டர்! ஆறின வண்டியில ஒட்டி வச்ச டிப், சூடான வண்டியில பம்பர் பிளாஸ்டிக்கை உருக்கிட்டு நிக்கும். கால்குலேட்டரும் இல்லாம ஒரு மனுஷன் இதைக் கையளவுல வச்சிருக்கார்.

இன்னொரு லோக்கல் மேட்டர், ஸ்பீடு பிரேக்கர். வெளிநாட்டுல டிசைன் பண்ணின சைலன்சர் ரெண்டு சென்டிமீட்டர் கீழ தொங்கினா அங்கே யாரும் கவலைப்பட மாட்டாங்க. நம்ம ஊர்ல முனிசிபாலிட்டி கட்டி வச்சிருக்கற மலைத்தொடர்ல அது முதல் நாளே முத்தம் கொடுக்கும். பின் சீட்டுல மூணு பேரை உட்கார வச்சு உயரம் பாருங்க. ஓசி ஃப்ரெண்ட்ஸ் எதுக்கு இருக்காங்க?

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறதைக் கட்டுப்படுத்துது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்துச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துக்கு அப்புறம், சத்தம், புகை விதிகளை மீறினா 190(2) பிரிவுல முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா 3 மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும். கூடவே 3 மாசத்துக்கு லைசென்ஸ் கட். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழட்டி வீசற கோஷ்டி ஒண்ணு இருக்கே, அவங்களுக்கு நான் சப்போர்ட்டே கிடையாது. நம்ம ‘வ்ர்ரூம்’முக்காக பின்னாடி ஸ்கூட்டியில வர்றவங்க ஏன் விஷம் குடிக்கணும்?

ஏற்கெனவே மாத்திட்ட வண்டி உங்க வீட்டுல, சீனியர் வீட்டுல நின்னுட்டிருந்தா, லீக் இருக்கான்னு பார்க்க ஒரு பட்டறை ட்ரிக் இருக்கு. இன்ஜின் நல்லா ஆறின பிறகு, ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டும் போட்டு வண்டியைத் தூக்கிக்கங்க. டிப் வழியா ஒரு புளோயரால காத்து அடிச்சுக்கிட்டே, ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் சோப்புத் தண்ணி ஊத்துங்க. டூவீலர் பஞ்சர் கடையில ட்யூபைத் தண்ணியில முக்கிப் பார்ப்பாங்களே, அதே கதைதான். முட்டை விட்டா அந்த ஜாயின்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்காதீங்க. முழுசா லூஸ் பண்ணிவிட்டு, குழாய் எந்தப் பக்கம் துள்ளுதுன்னு பாருங்க. இடிக்கறது எங்கேன்னு அது துள்ளுற திசையே காட்டிடும்.