எண் மட்டும் போதாது, பெயரும் வேண்டும்



விடுமுறைக்கு வந்த பேரன் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். ஜியோகேச்சிங் என்ற புதையல் தேடும் விளையாட்டுக்காம். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2-ல் நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். அப்படித் தொடங்கியது இது.

சில புதையல்களுக்குப் பல கட்டங்கள் உண்டு. ஓரிடத்தில் கிடைக்கும் குறிப்பு அடுத்த இடத்தைச் சொல்லும். அவனுக்காக நம் டவுன்ஷிப்பில் ஐந்து கட்டம் அமைத்தேன். புள்ளிகளுக்குக் கருவி தானாகப் போட்ட எண்களையே விட்டுவிட்டேன். அவை அவனுடைய பழைய புள்ளிகளோடு கலந்துவிட்டன. மூன்றாம் கட்டத்தில் தவறான புள்ளியைத் தேர்ந்து, உச்சி வெயிலில் வேறு பிளாக்குக்கு அழைத்துப் போய்விட்டேன். பிள்ளை அழுதேவிட்டான். தவறு என்னுடையதுதான்.

நெய்வேலியில் யாரைக் கேட்டாலும் முதல் கேள்வி "எந்த பிளாக்?" என்பதுதானே! வீட்டு எண் அப்புறம்தான். புள்ளிக்கும் அதே முறை வேண்டும் என்பேன். முதலில் விளையாட்டின் சுருக்கெழுத்து, பிறகு கட்ட எண். 2 என்று எழுதாமல் 02 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அகரவரிசையில் 10 முன்னால் வந்து நிற்கும். வண்டி நிறுத்துமிடத்துக்குத் தனிச் சின்னம். விளையாட்டு முடிந்ததும் பழையதை அழித்துவிடுங்கள். கிடைத்த எண்ணை நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இப்படியே பெயரிட்டுப் போனோம். ஐந்தாவது டப்பாவை அவனே கண்டுபிடித்தான்.

விடைத்தாளில் கேள்வி எண்ணை ஒழுங்காகப் போடு என்று உங்களைத் திட்டியது நினைவிருக்கிறதா? இப்போது என் முறை!