உயிர்க் காலேஜுக்கு ஒரு நாள்

யாத்திரைக்கு எப்படி ஆயத்தம் செய்துகொள்வது என்பது குறித்து இப்பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன். இவ்வாரம் கோயில் அல்லாத ஓரிடத்திற்கு அன்பர்களை அழைத்துச் செல்கிறேன். பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில், "வண்டலூருக்கு எப்போது போகலாம், தாத்தா?" என்னும் கேள்வி ஒருமுறையேனும் எழாமல் இருக்காது.

என் பிள்ளைப் பருவத்துச் சென்னையில் அதற்கு உயிர்க் காலேஜ் என்று பெயர். எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். 1855ஆம் ஆண்டு அந்த அருங்காட்சியக வளாகத்தில்தான் பால்ஃபர் என்னும் மருத்துவர் விலங்குகளைத் திரட்டி வைத்து இதனைத் தொடங்கினார். பின்னர் அது சென்ட்ரல் நிலையத்தின் அருகே இடம் மாறியது. நான் கண்டது அங்கேதான். தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு போய்ப் புலியைப் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் ஒரு பொம்மையும் வாங்கிக்கொண்டு, மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடுவோம்.

1985ஆம் ஆண்டு அது வண்டலூருக்குப் பெயர்ந்து, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆயிற்று. பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,500 ஏக்கர். ஸ்ரீரங்கம் பெரிய கோயில் ஏழு பிராகாரங்களும் சேர்ந்து 156 ஏக்கர். அதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல்! முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்த எனக்கு இந்தக் கணக்கு மட்டும் முன்கூட்டித் தோன்றவில்லை. மூர் மார்க்கெட் காலத்துப் பூங்காவே என் மனத்தில் இருந்தது.

ஆகையால் இரண்டாண்டுகளுக்கு முன், அக்கினி நட்சத்திரத்தில், ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்கத் திட்டமிட்டேன். காலையில் இரத்தினமங்கலம் லட்சுமி குபேரர் தரிசனம். அது முடிந்து பூங்கா வாசலை அடையும்போது மணி பதினொன்று. மகன் பாட்டரி வண்டிக்குச் சீட்டு வாங்கலாம் என்றான். "திருப்பதி மலையை நடந்து ஏறியவர்கள் நாங்கள்" என்று நான் மறுத்துவிட்டேன். என் மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை போட்டிருந்தாள், தரிசனம் முடியட்டும் என்று உணவைத் தள்ளிப்போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். மர நிழலில் சட்டென்று அமர்ந்தவளால் எழ இயலவில்லை, உடலெல்லாம் வியர்வை. வெல்லம் கொடுத்து, இளைப்பாறச் செய்து, வண்டி வரவழைத்து வெளியே கொண்டுவந்தோம். ஏழு வயதுப் பேத்தி புலியைப் பாராமலே அழுதுகொண்டு வந்தாள்.

இறைவன் அருளால் அன்று வேறொன்றும் நேரவில்லை. ஆனால் இரவு, "இனிமேல் நாம் மட்டும் போய் வரலாம்" என்று மகன் மருமகளிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் எழவில்லை. ஆனாலும் உறக்கம் வரவில்லை.

சென்ற மார்கழியில் நானாகவே மகனை அழைத்துப் பேசினேன். "உங்கள் அம்மாவால் எவ்வளவு நடக்க முடியுமோ, அதுதான் அன்றைய திட்டம். எனக்கும் முழங்கால் வலி இருக்கிறது, சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன்." அதைச் சொல்ல எனக்கு இரண்டாண்டுகள் ஆயின.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. காணும் பொங்கலன்று கூட்டத்தைச் சொல்லி மாளாது. சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அன்று ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். அதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றாள் என் மனைவி. புறப்பாடுதான் கூடாதாம், வழியில் வந்தால் தோஷமில்லையாம். அவள் கணக்கால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தோம். மின்சார ரயிலில் போகலாம்தான். வண்டலூர் நிலையம் பூங்காவுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆயினும் நிலையத்துப் படிகளையும் பெருஞ்சாலையையும் எண்ணி வாடகைக் கார் வைத்துக்கொண்டோம். வீட்டிலேயே இட்லி சாப்பிட்டாயிற்று. பதினொரு மணிக்கென்று எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதம். கோயில் ஏதும் சேர்க்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பாட்டரி வண்டி. முழுவதையும் பார்க்கும் ஆசையை விட்டு, பேத்தி விரும்பிய நான்கு இடங்களில் மட்டும் இறங்கினோம். எதிர்பாராத விதமாக அன்று வழிகாட்டியானவள் என் மனைவிதான். சிங்கத்தைக் கண்டதும் துர்க்கையின் வாகனம் என்றாள். புலியிடம் ஐயப்பன் கதை. முதலையிடம் கஜேந்திர மோட்சம். வண்டியில் உடன் வந்த வேறொரு குடும்பத்துக் குழந்தைகளும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டன.

மயிலருகே பேத்தி கேட்டாள்: "பாட்டி, முருகனோட மயிலை யார் கூண்டில் போட்டது?"

அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என்னைப் பார்த்தாள். நானும் தடுமாறினேன். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அருகிவரும் சிங்கவால் குரங்கு இங்கே குட்டி ஈன்று பெருகுவதைச் சொன்னேன். "அது குரங்குக்கு. மயிலுக்கு?" என்றாள். குழந்தை விடவில்லை. இன்றுவரை என்னிடம் முழுமையான விடை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கோயில் யானைக்கு வாழைப்பழமும் குளத்து மீனுக்குப் பொரியும் இட்டுப் பழகிய கைகள் நம்முடையவை. இங்கே அது கூடவே கூடாது. ஒவ்வோர் உயிருக்கும் அளந்த உணவு உண்டு. நாம் அன்போடு எறிவது நோயாக முடியும். விருப்பமுள்ளோர் ஒரு விலங்கின் உணவுச் செலவைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஏற்றுக்கொள்ளும் தத்துத் திட்டம் அங்கே இருக்கிறது. பேத்தியின் பிறந்தநாளுக்கு ஆண்டுதோறும் அன்னதானத்திற்குக் கட்டும் தொகையோடு, இவ்வாண்டு மயிலுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறோம். கேட்டது அவள்தானே!

பன்னிரண்டரை மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டோம். ஓட்டேரி ஏரிப் பறவைகளையும் பட்டாம்பூச்சிப் பூங்காவையும் பார்க்கவில்லை. பேத்திக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அடுத்த முறைக்கு அவற்றை எழுதி வைத்துக்கொண்டாள்.

அந்த அடுத்த முறைக்கு நாள் பார்க்கும் பொறுப்பை மருமகள் என் மனைவியிடம் ஒப்படைத்திருக்கிறாள். பஞ்சாங்கம் இரண்டு நாட்களாக ஊஞ்சல் பலகையின்மேல் விரித்தபடியே கிடக்கிறது.