2028 மகாமகம்: யாத்திரிகர் பாதுகாப்பும் சுகாதாரமும் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர்,
மகாமகக் குளக்கரைக் குடியிருப்போர், வணிகர் சங்கம்,
கும்பகோணம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.
உயர்திரு மாநகராட்சி ஆணையர் அவர்கள், கும்பகோணம்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், இந்து சமய அறநிலையத் துறை, பொது சுகாதாரத் துறை.

பொருள்: மகாமகத்துக்கு வரும் மக்கள் பத்திரமாக நீராடி, நோயின்றி ஊர் திரும்புவதற்கான ஏற்பாடுகளை இப்போதே தொடங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்புக்குரியீர்,

மகாமகக் குளத்தின் நான்கு கரைகளிலும் குடியிருப்பவர்களும் கடை நடத்துபவர்களும் சேர்ந்து இம்மனுவை அளிக்கிறோம். மகாமகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று தோன்றலாம். கழிவுநீர்க் குழாய் மாற்றுவதும் தெருவை அகலப்படுத்துவதும் பந்தக்கால் நட்டபின் செய்கிற வேலைகள் அல்ல என்பதால்தான் இவ்வளவு முன்னதாக வருகிறோம்.

1992 பிப்ரவரி 18-ஐ இவ்வூர் மறக்கவில்லை. அன்றைய முதலமைச்சர் நீராட வந்திருந்த மகாமக நாளில் குளக்கரையில் ஏற்பட்ட நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். 2004, 2016 மகாமகங்கள் அப்படியொரு துயரமின்றி நடந்தேறின. அதற்காக உழைத்த அலுவலர்களுக்கும் காவலர்களுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் இரண்டு முறை நல்லபடியாக நடந்தது மூன்றாம் முறைக்கு உத்தரவாதம் ஆகாது. 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் தரிசன டோக்கன் வாங்க நின்ற கூட்டத்தில் 6 பேர் இறந்தனர். அதே மாதம் 29-ஆம் தேதி பிரயாக்ராஜ் கும்பமேளாவில், அரசு கணக்குப்படியே குறைந்தது 30 பேர். கூட்டத்தை நிர்வகித்துப் பழகிய ஊர்கள்தாம் இரண்டும்.

எங்கள் முதன்மையான கோரிக்கை வெளியேறும் வழி பற்றியது. எந்த ஆலோசனைக் கூட்டத்திலும் பக்தர்கள் எப்படி வருவார்கள், வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்றே பேச்சு போகிறது. முழுகி எழுந்தவர் எந்தத் தெரு வழியாகப் போவார் என்பதை யாரும் கேட்பதில்லை. நெரிசலில் சாகிறவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் ஆபத்து தொடங்கிவிடும். அதற்கு மேல் நெருங்கினால் யாரும் தம் விருப்பப்படி ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. பின்னால் வருகிற கூட்டத்துக்கோ முன்னால் நடப்பது தெரியாது.

குளமே ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகம்தான். வடகரையில் காசி விஸ்வநாதர் கோயில், கீழ்க்கரையில் அபிமுகேஸ்வரர் கோயில். குளித்துக் கரையேறுபவர்கள் ஈரத்துணியோடு அங்கேயே தரிசனத்துக்கு நின்றுவிட்டால், பின்னால் படியேறுபவர்களுக்கு இடம் ஏது? ஆகவே இறங்கும் கரையையும் ஏறும் கரையையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். முக்கிய நீராடல் நாளான தீர்த்தவாரியன்று இவ்விரு கோயில்களின் தரிசன வரிசையைக் கரையிலிருந்து தள்ளித் தொடங்க வேண்டும். மகாமகக் குளத்தில் முழுகியபின் பொற்றாமரைக் குளம், அதன்பின் காவிரி என்பது மரபு. மக்கள் தாமாகவே நடந்து போகும் அந்த வழியையே வெளியேறும் வழியாக்கி, அதில் எதிர்த்திசையில் ஒருவரையும் விடாதிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். தடுப்புக் கம்பிகளில் ஒரே இழுப்பில் திறக்கும் அவசர வழிகள் வேண்டும். தீர்த்தக் கரையின் பதினாறு மண்டபங்களின் மேலும் மதில்களின் மேலும் யாரையும் ஏறவிடக் கூடாது.

எங்கள் கடைகளின் முன்நீட்டல்களையும் தள்ளுவண்டிகளையும் மகாமக விழாவின் பத்து நாளும் நாங்களே எடுத்துவிடுகிறோம். வியாபாரம் களைகட்டுகிற நாளில் இதைச் சொல்வது கசப்புதான். ஆனாலும் எழுத்துமூலம் தருகிறோம். அதே கண்டிப்பு மேலிடத்துக்கும் பொருந்த வேண்டும். தீர்த்தவாரி நாளில் முக்கியப் பிரமுகர் எவருக்கும் தனி வழியோ தனி நேரமோ ஒதுக்கக் கூடாது. அவர்கள் கொடியேற்றத்துக்கு மறுநாள் வந்து முழுகட்டும். புண்ணியம் ஒன்றும் குறைந்துவிடாது. பத்து நாளில் எந்த நாளும் நீராடலாம் என்பதைக் காவல் துறையின் ஒலிபெருக்கி சொல்வதைவிட ஆதீனங்களும் பட்டர்களும் குருக்கள்மாரும் சொன்னால் மக்கள் கேட்பார்கள். அவர்களை இப்போதே கலந்துபேச வேண்டுகிறோம்.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். மாசியில் காவிரியில் மணல்தான் தெரியும். எனவே குளத்தை நிரப்புவதற்கும் படித்துறைகளில் குளிப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கானோர் முழுகும் நீர் ஓரிரு மணி நேரத்திலேயே கெட்டுவிடும். அதையே தீர்த்தமென்று வாயில் ஊற்றிக்கொள்பவர்களும் குழந்தைக்குப் புகட்டுபவர்களும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளோரின் அளவைச் சோதித்து, நான்கு கரையிலும் பலகையில் எழுதிப் போடுங்கள். குடிநீர்க் குழாயின் கடைசி முனையில் குறைந்தது 0.2 பிபிஎம் குளோரின் இருக்க வேண்டும் என்பது விதி. தற்காலிகத் தொட்டிகளிலும் அதைப் பார்க்க வேண்டும். குளத்து நீரைக் குடிக்காமல் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று ஒவ்வொரு படித்துறையிலும் எழுதி வைக்க வேண்டும்.

தண்ணீரைவிடக் கழிப்பறைதான் பெரிய பிரச்சினை. வெளியூரிலிருந்து வரும் பெண்கள், முக்கியமாக வயதானவர்கள், ஒதுங்க இடம் கிடைக்காது என்று பயந்தே விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. வெறும் வயிறு, வெயில், காலில் செருப்பில்லாமல் கொதிக்கும் கல். பத்து மணிக்கெல்லாம் எங்கள் திண்ணைகளில் மயங்கிச் சாய்கிறார்கள். அவர்களில் பலர் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையையும் குளித்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். எனவே ஆண்களுக்கு உள்ளதைப்போல் இருமடங்கு பெண்களுக்கு என்ற கணக்கில், தண்ணீரும் விளக்கும் உள்ள கழிப்பறைகளும் உடைமாற்றும் அறைகளும் தேவை. இவற்றில் ஒரு பகுதியாவது நிரந்தரக் கட்டடமாக இருக்கட்டும். மகாமகம் இல்லாத நாளிலும் அவை பயன்படும்; நவக்கிரகத் தலங்களைச் சுற்ற வருபவர்கள் வாரந்தோறும் இங்கேதான் வந்திறங்குகிறார்கள். நடைபாதைகளில் தென்னைநார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் போட்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை நீர்மோர்ப் பந்தல்களிலேயே கொடுக்கலாம்.

அன்னதானத்தைத் தடுக்கும்படி கேட்கவில்லை. அது இந்த மண்ணின் வழக்கம். காலையில் கட்டிய தயிர்சாதப் பொட்டலத்தை மாலையில் கொடுப்பதைத்தான் தடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் அனுமதிச் சீட்டில் சமைத்த நேரத்தையும் எழுதச் சொன்னால் போதும்.

மின்சாரத்தைப் பற்றித் தஞ்சை மாவட்டத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். ஈரக்காலோடு நடக்கும் இடத்தில் இரும்புத் தடுப்பின் மேல் சீரியல் விளக்குக் கட்டவே கூடாது. தேர் ஓடும் வீதிகளில் கம்பிகளின் உயரத்தை மின்வாரியம் முன்னதாக அளந்து சான்று தர வேண்டும்.

கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் போக ஒரு வழியைப் பத்து நாளும் காலியாக வைக்க வேண்டும். அங்கே சமாளிக்க முடியாதவர்களைச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தஞ்சாவூருக்குத்தான் அனுப்பியாக வேண்டும். ஆகவே கரையிலேயே மருத்துவரும் ஆக்சிஜனும் இருப்பது அவசியம். கூட்டத்தில் கைப்பேசி வேலை செய்யாது. ஒலிபெருக்கிக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் அறிவிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பொறுப்பாக ஒரே ஓர் அலுவலரை நியமிக்கக் கோருகிறோம். கூட்டம் அளவை மீறினால், யாரையும் கேட்காமல், ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலுமே மக்களை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். மகாமகத்துக்கு முந்தைய மாசி மகத்தன்று இந்த ஏற்பாடுகளை ஒருமுறை ஒத்திகை பார்க்கவும் வேண்டுகிறோம்.

இம்மனுவின் மீது ஒரு மாதத்துக்குள் துறை அலுவலர்களின் கூட்டத்தைக் கூட்டி, அதில் எங்கள் சங்கத்தையும் அழைக்குமாறும், எடுக்கும் முடிவுகளை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
இடம்: கும்பகோணம்