புற்றுநோயும் பொறுமையும்

புற்றுநோய்க்கு மருந்து கண்டாய்விட்டது என்று அடிக்கடி செய்தி வெளிவருகிறது. சோதனைக் குழாயில் நோயணுக்கள் மடிந்தன என்பதே பெரும்பாலும் அச்செய்தியின் சாரம். அதை நம்பி ஒரு நோயாளி நடந்துவரும் சிகிச்சையை நிறுத்திவிட்டால் அந்த அனர்த்தத்திற்கு யார் பொறுப்பு? பின்னர் அதே மருந்து மனிதரிடத்தில் தோற்றால், ஆராய்ச்சியே வீண் செலவு என்ற கூக்குரல் எழுகிறது. இவ்விரு போக்குகளும் தவறு என்பது நமது திடமான அபிப்பிராயம்.

டோலாஸ்டாடின் 10 என்ற பெப்டைடின் வரலாறே இதற்குச் சான்று. அமினோ அமிலங்கள் சில கோத்த சிறு சங்கிலியே பெப்டைடு. இந்து மகாசமுத்திரத்துக் கடல் முயல் என்னும் பிராணியில் இதைத் தேடும் வேலையை அமெரிக்க ரஸாயன நிபுணர் ஜார்ஜ் பெட்டிட் 1972-ல் தொடங்கினார். டன் கணக்கில் பிராணிகளைச் சேகரித்தும் மில்லிகிராம் கணக்கிலேயே பொருள் கிடைத்தது. 1987-ல் அதன் அமைப்பு வெளியாயிற்று. 1989-ல் ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்து முடித்தனர். அணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல்களை உருவாகவொட்டாமல் அது தடுப்பதும் தெரிந்தது. ஆயினும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் தாங்கக்கூடிய அளவில் பலன் போதவில்லை. நரம்புகளுக்கும் தீங்கு நேர்ந்தது.

அத்துடன் நிபுணர்கள் கைவிட்டுவிடவில்லை. அப்பொருளின் வடிவத்தைச் சிறிது மாற்றி, நோயணுவை அடையாளம் கண்டு பற்றும் எதிர்ப்புப் புரதத்துடன் பிணைத்தார்கள். நரம்புத் தீங்கு அறவே நீங்கவில்லையெனினும், நன்மை அதை விஞ்சி நின்றது. ப்ரெண்டுக்ஸிமாப் வெடோடின் என்ற பெயருடன் 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்து, இன்று ஹாட்ஜ்கின் நோயாளர் பலரைக் காக்கிறது. கடலிலிருந்து மருந்துச் சீசாவுக்கு வர 39 ஆண்டுகள் பிடித்தன!

லாபத்தை மட்டும் எண்ணும் வியாபாரி இவ்வளவு காலம் காத்திருப்பானா? பெட்டிட்டின் ஆராய்ச்சியை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பொதுப் பணமே தாங்கிற்று. ஆகவே, ஒரு தோல்வியைக் கண்டு சர்க்கார்கள் மானியத்தைக் குறைக்கலாகாது. பத்திரிகைகளோ, ஒரு மருந்து குழாயில் வென்றதா, எலியிடம் வென்றதா, மனிதரிடம் வென்றதா என்பதை முதல் வரியிலேயே சொல்லக் கடமைப்பட்டவை. பொதுப் பணத்தில் முளைத்த மருந்து ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்று கேட்க ஜனங்களுக்குப் பூரண உரிமை உண்டு.